கோழியில் பேனா, கூட்டில் செள்ளா? அறிகுறி பார்த்துத் தீர்க்கும் வழி

கோழி சொறிகிறது, இறகு கொட்டுகிறது, முட்டை குறைந்துவிட்டது என்றதும் நம்மில் பலர் செய்வது ஒன்றுதான். சந்திக் கடைக்குப் போய் "கோழிப்பேனுக்கு ஏதும் தூள் இருந்தால் தாங்கோ" என்று வாங்கி, கோழியின் முதுகில் கொட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பது. சிலருக்குச் சரிவரும். பலருக்கு இரண்டு கிழமையில் பழையபடி. தூள் பழுது என்று கடைக்காரரைத் திட்டுவதில் பயனில்லை. கோழியின் உடம்பிலேயே குடியிருக்கும் பூச்சி ஒரு வகை. பகல் முழுக்கக் கூட்டின் வெடிப்புக்குள் ஒளிந்திருந்து இரவில் மட்டும் வந்து இரத்தம் குடித்துவிட்டுப் போகும் பூச்சி இன்னொரு வகை. முதலாவதுக்குக் கூட்டை எவ்வளவு கழுவினாலும் கோழியில் இருப்பது போகாது. இரண்டாவதுக்குக் கோழிமேல் எவ்வளவு தூள் போட்டாலும் கூட்டில் இருப்பது சாகாது. ஆகவே மருந்து தேட முதல் பூச்சி எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன், உங்கள் கோழியில் தெரிவது எதுவோ அங்கே நேரே போகலாம். ஆனால் எல்லோரும் முதலில் இந்த இரண்டு சோதனையையும் செய்துவிடுங்கள்.

பகலில் ஒரு பார்வை, இரவில் ஒரு பார்வை

பகல் சோதனைக்கு, விடிய முதல் கூட்டிலிருந்தே கோழியைத் தூக்கிவிடுங்கள். திறந்துவிட்டபின் வளவெல்லாம் கலைத்துப் பிடித்தால் அதற்கும் களை, உங்களுக்கும் களை. மரத்தில் படுக்கும் கோழிகளை அரிசி போட்டுத்தான் பிடிக்கவேண்டியிருக்கும். கோழியைக் கமக்கட்டுக்குள் அணைத்து, வால் உங்கள் முன்பக்கம் வரும்படி வைத்துக்கொண்டு, வெயில் படுகிற இடத்தில் நின்று இறகை விலக்கித் தோலைப் பாருங்கள். முதலில் எச்சம் போகும் இடத்தைச் சுற்றி, பிறகு செட்டைக்கு அடியில், கழுத்தின் பின்பக்கம், கொண்டை, கண்ணைச் சுற்றி, கடைசியாகக் கால். இறகை விலக்கியவுடன் முதல் இரண்டு மூன்று விநாடிதான் முக்கியம், வெளிச்சம் பட்டதும் ஓடி மறைவதும் உண்டு.

இரவுச் சோதனை இன்னும் எளிது. கோழிகள் அடைந்து நன்றாக இருட்டியபின் டோர்ச்சும் ஒரு வெள்ளைத் துணியும் கொண்டு போங்கள். கோழி இருக்கும் கம்பின் அடிப்பக்கத்தைத் துணியால் அழுத்தித் துடையுங்கள். துணியில் இரத்தக் கோடு விழுந்தால், நசுங்கியது இரத்தம் குடித்த செள், பேனைவிடச் சிறிய பூச்சி.

மாலையானாலும் கூட்டுக்குள் போக மறுக்கிறது, அடைக்கோழி எழும்பி ஓடுகிறது, கொண்டை வெளிறியிருக்கிறது

மற்ற எல்லாவற்றையும்விட இதைத்தான் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் கூடுதலாகக் கோழியைக் கொல்வதும் இதுதான், கண்ணில் படாமல் தப்புவதும் இதுதான்.

கோழிகள் கூட்டு வாசல்வரை வந்து நின்றுவிட்டு முருங்கையிலோ வேலியிலோ ஏறப் பார்க்கின்றனவா? அடைகிடக்கும் பேடு பாதியில் முட்டையைக் கைவிடுகிறதா? முட்டைக் கோதில் சிறு சிறு இரத்தப் பொட்டுகள் தெரிகின்றனவா? முட்டை எடுத்த கை அரிக்கிறதா? இவற்றில் இரண்டு சேர்ந்தாலே நான் சிவப்புச் செள்ளைத்தான் முதலில் சந்தேகிப்பேன். பகலில் கோழியைப் பிரித்துப் பார்த்தால் ஒன்றுமே இராது. பூச்சி ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு, பசியோடு இருக்கும்போது சாம்பல் நிறம், குடித்தபின் சிவப்பு. இருப்பதெல்லாம் கம்பும் தடியும் பொருந்தும் மூட்டில், கட்டிய கயிற்று முடிச்சில், கிடுகு மடிப்பில், முட்டைப் பெட்டி மூலையில். அந்த இடங்களில் உப்பும் மிளகுத்தூளும் கலந்து சிந்தியமாதிரி ஒரு தூசி கிடந்தால் அது அவற்றின் எச்சமும் கழற்றிய தோலும்தான்.

வன்னியில் நாம் கட்டும் கூடு இதற்கு நல்ல வசதி. பட்டை உரிக்காத காட்டுத்தடி, பனை மட்டை, மேலே கிடுகு. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் ஆயிரக்கணக்கில் இருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. மீள்குடியேறிய காலத்துத் தகரத்தில் அடித்த கூடுகளில் ஒளிவிடம் குறைவு என்பது உண்மைதான், ஆனால் தகரம் தடியில் ஆணியடித்துப் பொருந்தும் இடத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு அதையும் சொல்லுங்கள்.

செய்யவேண்டியது கூட்டுக்கு, கோழிக்கு அல்ல. வெயில் நாளொன்றில் காலையிலேயே தொடங்குங்கள். கோழிகளை வெளியே விட்டு, முட்டைப் பெட்டியில் இருக்கும் வைக்கோல், சாக்கு எல்லாவற்றையும் எடுத்து எரியுங்கள், கூட்டுக்குப் பக்கத்தில் குவித்து வைக்கவேண்டாம். கம்புகளைக் கழற்றிப் பட்டையைச் சீவி எறியுங்கள். மூட்டுகள், வெடிப்புகள் எல்லாவற்றுக்கும் சவர்க்காரம் கலந்த கொதிநீர் ஊற்றுங்கள், மேலால் தெளித்தால் போதாது, உள்ளே இறங்கவேண்டும். கழற்றிய கம்புகளைக் கறுப்புப் பொலித்தீனில் சுற்றி நடுவெயிலில் போட்டுவிடலாம். 45 பாகைக்கு மேல் சூடேறினால் இந்தப் பூச்சி தாங்காது, பங்குனி சித்திரை வெயிலில் பொலித்தீனுக்குள் அந்தச் சூடு வருவது பெரிய காரியமில்லை. கூடு காய்ந்தபின் சுண்ணாம்பைத் தடிப்பாகக் கரைத்து வெடிப்புகள் அடைபடும்படி பூசுங்கள். கூட்டுக்கு அடிக்கலாம் என்று லேபலில் போட்ட பெர்மெத்ரின் மருந்து கிடைத்தால் மூட்டுகளுக்குள் அடிக்கலாம், காயும்வரை கோழி உள்ளே வரக்கூடாது. பெர்மெத்ரின் பூனைக்கு நஞ்சு, மீனுக்கும் நஞ்சு, ஆகவே பூனை படுக்கும் வீட்டில் கவனம், மிச்சத்தை வாய்க்காலில் ஊற்றவேண்டாம்.

இவ்வளவும் செய்துவிட்டு ஒரு தரத்தோடு நிறுத்துகிறவர்களுக்குத்தான் திரும்ப வருகிறது. முட்டைகள் தப்பியிருக்கும். நம் வெப்பத்தில் முட்டையிலிருந்து வளர்ந்த பூச்சியாக ஏறக்குறைய ஒரு கிழமை போதும். எனவே ஐந்து முதல் ஏழு நாள் இடைவெளியில் இரண்டாம் தரம், பிறகு மூன்றாம் தரம். கூட்டைக் கொஞ்சநாள் சும்மா பூட்டி வைத்தால் பட்டினியில் செத்துவிடும் என்று நம்பாதீர்கள், குளிர்ந்த இடமென்றால் இரத்தமே இல்லாமல் மாதக்கணக்கில் கிடக்கும்.

குறைகிறதா என்று அறிய ஒரு சின்ன வேலை: காட்போட் பெட்டியின் நெளிவுள்ள அட்டையைக் கையளவில் வெட்டி மடித்துக் கம்பின் அடியில் கட்டிவிடுங்கள். இரண்டு மூன்று நாள் கழித்து எடுத்துப் பிரித்துப் பார்த்துவிட்டு அப்படியே அடுப்பில் போடுங்கள். பார்த்ததும் ஆகிறது, கொன்றதும் ஆகிறது. கம்புகளைச் சுவரில் முட்டாமல் நான்கு காலில் நிற்கிற மாதிரி அமைத்து, காலடியில் கிறீஸ் தடவி வைத்தால் வெடிப்பிலிருந்து கோழிக்குப் போகும் பாதையும் அடைபடும்.

காய்ந்த ஓலையைக் கொளுத்திக் கூட்டைச் சுற்றிக் காட்டுவது பழைய ஆட்களின் வழி. சீமெந்துக் கூடு, இரும்புக் கூடு என்றால் நெருப்பு நல்லதுதான். கிடுகுக் கூட்டில், அதுவும் சோளகக் காற்று அடிக்கும் நாட்களில், பூச்சியோடு கூடும் போய் வீட்டுக் கூரையும் போகும்.

வாலடி இறகு கறுத்து அழுக்காகிக் கிடக்கிறது, பிடித்த கையில் ஏதோ ஊர்கிறது

இதுவும் செள்தான், ஆனால் வேறு இனம். சிவப்புச் செள்ளைப் போலப் பகலில் இறங்கிப் போகாமல் கோழியிலேயே முட்டையிட்டுப் பெருகும். எச்சம் போகும் இடத்தைச் சுற்றிய இறகு சாம்பலும் கறுப்புமாய்ப் பிசுபிசுத்து இருக்கும், தோலில் பொருக்கு இருக்கும், பட்டப்பகலிலேயே ஓடித் திரிவது தெரியும். அடைக்கோழியின் கூட்டில் கூடுதலாகப் பெருகும் இனமும் உண்டு, குஞ்சு பொரித்தபின் அந்தக் கடகத்தைத் தூக்கிப் பார்த்தால் கை முழுக்க ஏறும். மனிதனையும் கடிக்கும், ஆனால் நம்மில் தங்காது.

இங்கே மருந்து கோழிக்கு. கோழிக்கென்று விற்கும் பெர்மெத்ரின் தூள், 0.25 சதவீதம் அளவானது, வாலடியிலும் செட்டைக்கு அடியிலும் தோலில் படும்படி. முதுகில் தூவினால் காற்றில் போகும். ஒரு கிழமை கழித்துத் திரும்ப. எல்லாக் கோழிக்கும் போடவேண்டும், சேவலை விட்டுவிடாதீர்கள், பலர் விடுவது அதைத்தான். கந்தகத் தூளும் இந்தச் செள்ளுக்கு நன்றாக வேலை செய்யும், கோழி புழுதி குளிக்கும் குழியில் கலந்துவிட்டால் அதுவே பூசிக்கொள்ளும். கண்ணையும் மூச்சையும் கரிக்கும் என்பதால் மூடிய கூட்டுக்குள் வீசவேண்டாம். அடைக்கூட்டை எரித்துவிட்டுப் புதுக் கடகம் வையுங்கள்.

இறகை விலக்கினால் வைக்கோல் நிறப் பூச்சி ஓடுகிறது

இதுதான் உண்மையான பேன். இரண்டு மூன்று மில்லிமீற்றர் நீளம், தட்டையாக, வேகமாக ஓடும். வாலடியில் இறகின் அடித்தண்டைச் சுற்றி வெள்ளைக் கட்டியாக முட்டை ஒட்டியிருக்கும். அந்தக் கட்டி தூளுக்குச் சாகாது, இறகைக் கத்தரியால் வெட்டி எரித்துவிடுங்கள். தூளை எட்டுப் பத்து நாள் இடைவெளியில் இரண்டு தரம் போட்டால் இடையில் பொரித்தவையும் அகப்படும். கோழியை விட்டிறங்கிய பேன் ஒரு கிழமைக்குள் செத்துவிடும், எனவே கூட்டைப் பிரித்துப் போட்டுக் கொதிநீர் ஊற்றவேண்டியதில்லை, பெட்டி வைக்கோலை மாற்றினால் போதும்.

ஒன்றைக் கவனியுங்கள். பத்துக் கோழியில் ஒன்றில் மட்டும் பேன் குவிந்து, மற்றவை சுத்தமாக இருந்தால் பேனைவிட அந்தக் கோழியைப் பற்றித்தான் யோசிக்கவேண்டும். நல்ல கோழி நாள் முழுக்க அலகால் கோதியும் புழுதியில் புரண்டும் பேனைக் குறைத்துக்கொள்ளும். அது முடியாமல் இருக்கிறதென்றால் அலகு உடைந்திருக்கலாம், உள்ளே புழு இருக்கலாம், வேறு நோய் இருக்கலாம்.

சாம்பலைப் பற்றிக் கேட்பீர்கள். வேலை செய்யும். அடுப்புச் சாம்பலும் காய்ந்த மண்ணும் கலந்து, மாரியில் நனையாத ஒரு தாழ்வாரத்தில் அகலமான குழியாக வைத்தால் கோழிகள் தாங்களே போய்ப் புரளும். நெல் ஆலையில் கிடைக்கும் உமிச் சாம்பலில் சிலிக்கா அதிகம், பூச்சியின் மேல்தோலை உராய்ந்து காயவைக்கும். அதே காரணத்தால் நம் நுரையீரலுக்கும் கூடாது, அள்ளும்போது மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள். ஆனால் சாம்பல், பேன் கூடாமல் பார்த்துக்கொள்ளும் சாமான். குவிந்துபோன கோழிக்குத் தூள்தான். வேப்பிலையை முட்டைப் பெட்டியில் போடுவது பற்றி என் அபிப்பிராயம்: இலை எதையும் கொல்வதாகத் தெரியவில்லை, ஆனால் வாடியதும் மாற்றுகிறோம் அல்லவா, அந்தச் சாட்டில் பெட்டி துப்புரவாகிறது.

குஞ்சுகளின் தலையில் பேன் இருந்தால் தாயிடமிருந்து வந்தது. குஞ்சுக்குத் தூள் போடவேண்டாம். விரல் நுனியில் ஒரு துளி தேங்காய் எண்ணெய் எடுத்து உச்சந்தலையில் மட்டும் தடவுங்கள், உடம்பெல்லாம் எண்ணெய் பிடித்தால் குளிரில் விறைத்துவிடும். சரியான வேலை என்பது அடை வைக்க முதலே பேட்டைப் பார்த்து மருந்து போட்டு முடிப்பதுதான்.

கொண்டையிலும் கண்ணைச் சுற்றியும் கறுப்புப் புள்ளிகள்

விரலால் தட்டிப் பாருங்கள். ஒட்டிக்கொண்டு, உற்றுப் பார்த்தால் கால் தெரிகிற பழுப்புப் பூச்சிக் கூட்டமாக இருந்தால் தெள்ளு. தலையைத் தோலுக்குள் குத்திவைத்துக்கொண்டு அசையாது. வாஸ்லினைத் தடிப்பாகப் பூசினால் மூச்சடைத்துச் சாகும், கண்ணுக்குள் போகாமல் விரல் நுனியால் பூசுங்கள். பிறகு முள்வாங்கியால் ஒவ்வொன்றாக எடுக்கலாம். ஆனால் உண்மையான தொழிற்சாலை மண்ணில். முட்டை விழுந்து புழுவாவது கூட்டடி மணலிலும் குப்பையிலும், முல்லைத்தீவுக் கரையோர மணல் வளவுகளில் இதற்கு நல்ல இடம். கூட்டடி மண்ணை மேலோடு வறண்டி எடுத்து எரியுங்கள், நாய் அங்கே படுக்காமல் அடையுங்கள். நாயிலும் பூனையிலும் இதே தெள்ளு இருக்கும், அவற்றுக்கும் மருந்து போடாவிட்டால் ஒன்றிரண்டு மாதத்தில் திரும்ப வரும்.

காலில்லாத, காய்ந்த மருப்போலப் பொருக்காக இருந்தால் அது பூச்சியே இல்லை, கோழி அம்மை. மாரி பெய்து நுளம்பு கூடும் காலத்தில் நுளம்பு பரப்புவது. தூள் போட்டுப் பயனில்லை, பொருக்கைப் பிய்க்கவும் வேண்டாம். மற்றக் கோழிகளுக்குத் தடுப்பூசி போட முடியுமா என்று கால்நடை வைத்தியர் அலுவலகத்தில் கேளுங்கள்.

கால் செதில் தூக்கிச் சுண்ணாம்புபோலப் பொருக்கு

செதிலுக்கு அடியில் துளைத்து வாழும் செள். வயதான கோழியிலும் சேவலிலும் கூடுதலாகக் காணலாம். விட்டால் கால் வீங்கி நொண்டும், விரல் போவதும் உண்டு. இளஞ்சூட்டுச் சவர்க்கார நீரில் காலை ஊறவைத்துப் பழைய பல் பிரஷால் மெதுவாகத் தேய்த்து, துடைத்து, தேங்காய் எண்ணெயோ வேப்பெண்ணெயோ செதிலுக்குள் இறங்கும்படி பூசுங்கள். செதிலை நகத்தால் கிளப்பாதீர்கள், இரத்தம் வரும். கிழமைக்கு இரண்டு தரம், ஒரு மாதம் தாண்டியும் விடாமல் செய்யவேண்டும். பூச்சி செத்தாலும் கால் உடனே அழகாகிவிடாது, புதுச் செதில் வர அடுத்த இறகுதிர்ப்பு வரையாகலாம். பழைய ஆட்கள் மண்ணெண்ணெயில் காலை முக்குவார்கள். பூச்சி சாகும், தோலும் வெந்துபோகும். எண்ணெய் இருக்கும்போது அது தேவையில்லை.

செட்டைக்கு அடியில் நீலக் கன்றல், கோழி காலிழுக்கிறது

கோழி உண்ணி. குஞ்சு உண்ணிகள் செட்டையடியில் சில நாள் ஒட்டியிருந்து குடிக்கும், அந்த இடத்தில் நீலமும் சிவப்புமாய்க் கன்றும். வளர்ந்தவை இரவில் வந்து குடித்துவிட்டு வெடிப்புக்குப் போகும், சிவப்புச் செள்ளைவிடப் பெரிது, கண்ணுக்கு நன்றாகத் தெரியும், தட்டையான சாம்பல் உடல். கூட்டு வேலை முன்பு சொன்னதேதான், ஆனால் பொறுமை இன்னும் வேண்டும், ஒரு வருடத்துக்கு மேல் பட்டினி கிடக்கக்கூடிய சாதி. இந்த உண்ணி கோழிகளிடையே காய்ச்சலையும் பரப்பும், கால் முடங்கவும் வைக்கும். பச்சை எச்சம், தலை தொங்கல், கால் இழுத்தல் சேர்ந்தால் அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள்.

இறகு கொட்டுகிறது, பூச்சி ஒன்றுமில்லை

பகலும் இரவும் பார்த்து ஒன்றும் காணவில்லையென்றால் மருந்து வேண்டாம். கழுத்தில் தொடங்கி இறகு கொட்டி, கூடவே புது இறகுக் குருத்து குத்திக்கொண்டு வந்தால் வருடாந்த இறகுதிர்ப்பு, அந்த நாட்களில் முட்டையும் நிற்கும். முதுகு மட்டும் மொட்டையென்றால் சேவல் ஏறிய தேய்மானம், ஒரு சேவலுக்குப் பேடு போதாமல் இருக்கலாம். இறகு அடியோடு முறிந்து, தோலில் பொருக்கோடு சொறிந்தால் மட்டும் இறகின் வேரடியில் வாழும் செள் என்று சந்தேகிக்கலாம், அதை வைத்தியர் தோலைச் சுரண்டிப் பார்த்துத்தான் சொல்வார்.

கோழியில் போடக்கூடாதவை

வயலுக்கு அடித்த மருந்தின் மிச்சம் ஒருபோதும் வேண்டாம், "கொஞ்சமாய்த்தானே" என்பதும் வேண்டாம். இறைச்சியிலும் முட்டையிலும் அது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கே திரும்பி வரும். நாயின் கழுத்தில் விடும் உண்ணி மருந்தைக் கோழிக்கு விடுகிறவர்களும் உண்டு. அவற்றில் பலவற்றில் இருப்பது பிப்ரோனில் என்ற பூச்சிமருந்து. 2017இல் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் செள்ளுக்காகக் கோழிக்கூடுகளில் அந்த மருந்தைச் சேர்த்து அடித்ததில் முட்டையில் கலந்து, மில்லியன்கணக்கான முட்டைகளை அழிக்கவேண்டி வந்தது. ஐவர்மெக்டின் என்ற புழு, பூச்சி மருந்தைக் கேட்டு வாங்கிவந்து அளவு தெரியாமல் கொடுப்பதும் அப்படித்தான். வைத்தியர் தந்தால் கொடுங்கள், எத்தனை நாள் முட்டை சாப்பிடக்கூடாது என்று கேட்டு எழுதியும் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் செய்தும் குறையவில்லை

அப்படியென்றால் எங்கிருந்தோ திரும்ப வருகிறது. கூட்டுக் கூரையில் மைனாவோ குருவியோ கூடு வைத்திருக்கிறதா பாருங்கள், காட்டுப் பறவைகளிலும் இதே செள்கள் உண்டு. குஞ்சு பறந்தபின் அந்தக் கூட்டை எடுத்து எரியுங்கள். சந்தையில் வாங்கிய கோழியை அன்றைக்கே மற்றவற்றோடு விட்டீர்களா? புதுக்கோழியை இரண்டு மூன்று கிழமை தனியாக அடைத்து, வாலடியும் காலும் பார்த்துத்தான் சேர்க்கவேண்டும். பக்கத்து வளவுக் கோழிகள் உங்கள் புழுதிக் குழியில் வந்து குளிக்கின்றனவென்றால், நீங்கள் மட்டும் மருந்து போட்டுக்கொண்டிருப்பதில் காசுதான் போகும். வேலிக்கு அங்கால் கூப்பிட்டு, ஒரே சனிக்கிழமையில் இரண்டு வளவுக்கும் சேர்த்துச் செய்துவிடுங்கள், அடுத்த சனிக்கிழமை திரும்பச் செய்வதையும் அப்போதே பேசிக்கொள்ளுங்கள்.